வெப்ப அச்சு வேலையும் நமது அங்கத்தினரும்

காஞ்சிபுரத்தில் உருவம் தறியிலேயே பிறக்கிறது. ஜக்கார்டு அட்டையின் துளைகளுக்கேற்பப் பாவிழைகள் எழுந்து தாழ, ஊடே ஓடும் ஜரிகை மயிலாகவும் அன்னமாகவும் வடிவெடுக்கிறது. துணி வேறு, உருவம் வேறு என்ற நிலை அங்கில்லை. நெசவுடன் தையலையும் உபதொழிலாகக் கொண்ட அங்கத்தினர் சிலர், பாலியெஸ்டர் பிளீஸ் சட்டைகளில் வெப்ப அச்சு யந்திரத்தால் சித்திரம் பதிக்கும் வேலையை ஏற்கலாமா என்று நம்மிடம் வினவுகின்றனர். ஏற்கலாம், ஆனால் துணியின் குணத்தை முதலில் அறிதல் வேண்டும்.

பிளீஸ் என்பது பாலியெஸ்டர் நூலால் பின்னி, கம்பிப் பற்களால் கிளறி, மேலே மென்மையான ரோமம் எழச் செய்த குளிர்காலத் துணியாகும். பட்டு மிகுந்த சூட்டில் கருகும். பாலியெஸ்டரோ இளகி, சுமார் 255 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். உருகுமுன்னரே, சூடான தட்டின் அழுத்தத்தால் ரோமம் படிந்து, பளபளக்கும் சதுரத் தழும்பு விழுகிறது. அத்தழும்பு சலவையில் நீங்குவதில்லை.

மற்றொரு தீங்கும் உண்டு. பாலியெஸ்டருக்கு ஏற்றிய சாயம் மிகுந்த சூட்டில் ஆவியாகி மேலேறும். சிவப்புச் சட்டையில் பதித்த வெள்ளை எழுத்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இளஞ்சிவப்பாக மாறுவது இதனாலேயே.

ஆகவே குறைந்த சூட்டில் ஒட்டக்கூடிய, சாயத்தைத் தடுக்கும் அடிப்பூச்சுள்ள தாளையே கேட்டு வாங்குக. தாள் விற்பவர் குறித்த சூட்டையும் நேரத்தையும் மீறலாகாது. முதலில் துணியைச் சில விநாடிகள் இலேசாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்குக. சட்டையின் உள்ளே சிறு மெத்தை வைத்தால், தையல் மடிப்பும் ஜிப்பும் தட்டில் இடிக்கமாட்டா. சித்திரத்தின்மேல் டெப்லான் விரிப்பை இட்டு, மிதமாகவே அழுத்துக. ஒவ்வொரு புதிய துணிக்கும் முதலில் ஒரு துண்டில் பதித்து, துவைத்துப் பார்த்தல் அவசியம்.

கெட்டுப்போகும் ஒரு சட்டையின் கிரயம், பல சட்டைகளுக்கான கூலியை விழுங்கிவிடும். எனவே சோதனைத் துண்டு தருவது யார், சேதத்தை ஏற்பது யார் என்பவற்றை எழுத்து மூலம் உறுதி செய்துகொண்ட பின்னரே வேலையை ஏற்க வேண்டும். தனித்தனியே கடன்பட்டு யந்திரம் வாங்குவதினும், சிலர் கூடி ஒன்றை வாங்கி முறை வைத்து உபயோகிப்பதே சிக்கனம்.

இறுதியாக ஒன்று: பதித்ததைப் பதித்தது என்றும், நெய்ததை நெய்தது என்றும் சொல்லியே விற்போமாக. நம் ஊரின் பெயர் அந்த நாணயத்திலேயே நிலைத்திருக்கிறது.