‘போர்ட் போய்விட்டது’ என்று சொல்லும் முன்...

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் போனதை விட, திரும்பி வந்தபோதுதான் வீட்டுச் சாமான்கள் அதிகம் பழுதாகின. எமது கடை வாசலிலும் வொஷிங் மெசின்கள் வரிசையாக நின்றன. அப்போது நான் விட்ட ஒரு பிழையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஒரு சகோதரி, பாலம் கடந்து ஓட்டோவில் மெசினை ஏற்றி வந்தார். அயல் வீடுகளின் உடுப்புக்களைக் கழுவிக் கொடுத்துத்தான் அவரது அடுப்பு எரிகிறது. கடை பாஸ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “போர்ட் போயிட்டு” என்றார். நானும் மறுபேச்சின்றி புதுப் போர்ட்டின் விலையைச் சொன்னேன். ஆண்டுத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்ட காலம் அது. “காதில கிடக்கிறத வித்துத்தான் தரணும் காக்கா” என்று சொல்லி, மெசினைத் திருப்பி ஏற்றிச் சென்றார்.

இரண்டு வாரம் கழித்துச் சந்தையில் கண்டேன். ஊரில் ஒரு பொடியன் ஒரு பியூசும் ஒரு வெரிஸ்டரும் மாற்றினானாம், மெசின் ஓடுகிறதாம். “தெரியாமச் சொல்லிட்டீங்க போல காக்கா” என்றார். ஏசியிருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

நடந்தது என்னவென்று பிறகு விளங்கிக்கொண்டேன். வெரிஸ்டர் என்பது போர்ட்டில் மின்சாரம் நுழையும் இடத்தில் இருக்கும், பொத்தான் போன்ற ஒரு சிறு பாகம். மின்னழுத்தம் அளவு மீறினால் அது தன்னைப் பலி கொடுத்துப் பியூசை எரித்துவிடும். போர்ட்டின் மற்றப் பாகங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதாவது, செத்தது காவல்காரன்தான், வீட்டுக்காரன் அல்ல.

அதன் பின்னர் எமது கடையில் ஓர் ஒழுங்கு வைத்தோம். முதலில் பிளக், சொக்கட், தண்ணீர்க் குழாய், கதவுப் பூட்டு, கழிவுநீர் வடிகட்டி ஆகியவற்றைப் பார்ப்போம். இவற்றில் ஒன்று பிழைத்தாலும் மெசின் ஓடாது. பழி போர்ட்டின் மேல் விழும். இவை சரியென்றால்தான் போர்ட்டைத் தொடுவோம். பிளக்கைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். 230 வோல்ட் உள்ளே போனால் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் அளவில் தேங்கி நிற்கும். மீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைப்பது ஆபத்து. பழக்கமில்லாதவர் இதில் இறங்கவே கூடாது.

பின்னர் கண்ணால் பார்க்க வேண்டும். பியூஸ் எரிந்துள்ளதா? வெரிஸ்டர் கருகியுள்ளதா? கெப்பாசிட்டரின் தலை வீங்கியுள்ளதா? ரிலேயின் கால்களைச் சுற்றி ஈயம் வெடித்துள்ளதா? பியூஸ் எரிந்திருந்தால் கம்பியைச் சுற்றி ஓடவிடுவது வீட்டையே எரிக்கும் வேலை. ஏன் எரிந்தது என்று கண்டுபிடித்து, அதே அளவுப் பியூசைப் போட வேண்டும். கெப்பாசிட்டர் மாற்றும்போது அதே மைக்ரோபரட், அதே வோல்ட் அல்லது அதற்குக் கூடியது, கூட்டல் கழித்தல் பக்கம் மாறாமல் இருக்க வேண்டும்.

துறைமுகத்தை அண்டி வாழும் எமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. வாடைக் காற்றோடு வரும் உப்பீரம் போர்ட்டில் படிந்து செம்புக் கோடுகளைப் பச்சை பூக்க வைக்கும். எறும்பும் பல்லியும் உள்ளே குடியேறும். ஆரம்பத்தில் கண்டால், ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட மென்மையான தூரிகையால் சுத்தம் செய்து நன்கு உலர விட்டாலே பல மெசின்கள் எழுந்துவிடுகின்றன.

எல்லாப் போர்ட்டும் பிழைக்கும் என்று சொல்ல வரவில்லை. சிலவற்றை ஈரம் புகாதிருக்க முழுவதும் பசையால் மூடியிருப்பார்கள். அவற்றைத் திருத்துவது கடினம். அப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் பார்த்த பிறகு சொல்ல வேண்டும். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல்தான் வொஷிங் மெசின் போன்ற சாமான்களைத் திருத்திக் கொடுக்கும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்திச் சட்டம் இயற்றியது. எமக்கோ வழிகாட்டல் எப்போதோ வந்துவிட்டது. சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்தார்கள். சரக்கின் குறையை மறைப்பது மோசடியென்றால், இல்லாத குறையைச் சொல்லிப் பணம் வாங்குவது என்ன?

நான் அன்று பொய் சொல்லவில்லை, பார்க்காமல் சொன்னேன். வாடிக்கையாளரின் காதணிக்கு முன்னால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. நம்மிடம் பழுதுக்கு வரும் ஒவ்வொரு மெசினும் ஓர் அமானத். அதைப் பேணினால் இன்ஷா அல்லாஹ் தொழிலில் பரகத் உண்டு.