கலைஞர்களே நடத்தும் சமூக வலைத்தளம்

படங்களைப் பகிர்வதற்கென்று 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம், 2022இல் குறுங்காணொலிகளின் பக்கம் வேகமாகச் சாய்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். இந்த இரண்டு மாற்றங்களும் ஓவியர்களையும் ஒளிப்படக் கலைஞர்களையும் நேரடியாகப் பாதித்தன. பல ஆண்டுகள் வரைந்து வரைந்து சேர்த்த பார்வையாளர்களிடம் தங்கள் படம் போய்ச் சேருமா என்பதை, முகம் தெரியாத ஒரு நிறுவனம் முடிவு செய்வதை அவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். வேறு தளத்துக்குப் போகலாம் என்றால், சேர்த்த பார்வையாளர்களைக் கூட்டிச் செல்ல வழியில்லை.

இதற்கு மாற்று ஏற்கெனவே உருவாகியிருந்தது. ஜெர்மனியில் வசிக்கும் ஓய்கன் ரோச்கோ என்ற நிரலாளர் 2016இல் வெளியிட்ட மாஸ்டடன், ஒரு கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதை இறக்கித் தம்முடைய வழங்கியில் (சர்வரில்) நிறுவி, ஒரு சிறிய சமூக வலைத்தளத்தை நடத்தலாம். அப்படி நிறுவிய ஆயிரக்கணக்கான வழங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மின்னஞ்சல் இயங்கும் விதமும் இதுதான்: ஜிமெயில் வைத்திருப்பவர் யாஹூ வைத்திருப்பவருக்குக் கடிதம் அனுப்ப முடிகிறதல்லவா? மாஸ்டடன் முகவரியிலும் ஆளின் பெயருக்குப் பின்னால் வழங்கியின் பெயர் வரும்.

வழங்கிகளுக்கு இடையிலான பொது மொழி, ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரமாக அறிவித்தது. ஓர் ஓவியர் படம் இடும்போது, அவருடைய வழங்கி அந்தச் செய்தியை அவரைப் பின்தொடர்பவர்கள் இருக்கும் ஒவ்வொரு வழங்கிக்கும் அனுப்புகிறது. அங்கே அது நேர வரிசைப்படி அவரவர் திரையில் தோன்றுகிறது. எதை முன்னே தள்ளுவது, எதை மறைப்பது என்று கணக்குப் போடும் நிரல் நடுவில் இல்லை. இதே நெறிமுறையைப் பேசும் பிக்சல்ஃபெட் படங்களுக்கானது, பியர்டியூப் காணொலிகளுக்கானது. மாஸ்டடனில் இருந்தபடியே பிக்சல்ஃபெட்டில் இருக்கும் ஒளிப்படக் கலைஞரைப் பின்தொடரலாம்.

கருவி கிடைத்துவிட்டது. அதை வைத்துக் கலைஞர்களின் சமூகம் ஒன்றை எப்படிக் கட்டுவது? இரண்டு எடுத்துக்காட்டுகள் இதைத் தெளிவாக்கும்.

முதலாவது ஜப்பானில் நடந்தது. 2007 முதல் இயங்கும் புகழ்பெற்ற ஓவியத் தளமான பிக்சிவ், 2017 ஏப்ரலில் பாவூ என்ற மாஸ்டடன் வழங்கியைத் திறந்தது. ஓவியர்கள் திரளாக வந்தார்கள். சில நாள்களிலேயே வலையமைப்பின் மிகப்பெரிய வழங்கிகளில் ஒன்றாக அது வளர்ந்தது. ஆனால் சிறாரைப் பாலியல் நோக்கில் சித்தரிக்கும் வரைபடங்களும் அங்கே இருந்தன. ஜப்பானியச் சட்டம் அவற்றைத் தடுக்கவில்லை. பல மேலைநாடுகளின் சட்டங்கள் தடுக்கின்றன. அங்குள்ள பல வழங்கிகள் பாவூவின் படங்களை ஏற்க மறுத்தன. சில தொடர்பையே துண்டித்தன. அத்தகைய படங்களை வரையாத ஓவியர்களும் இதனால் வெளியுலகப் பார்வையாளர்களை இழந்தார்கள். 2019இல் பிக்சிவ் பாவூவை வேறு கைக்கு மாற்றியது.

இரண்டாவது, 2017 முதல் கலைஞர்களுக்கென்றே இயங்கும் மாஸ்டடன்.ஆர்ட். அங்கே விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டுள்ளன. செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களுக்கு இடமில்லை என்பது அவற்றில் ஒன்று. அந்த வழங்கியின் உள்ளூர்த் தாளைத் திறந்தால் அங்கிருக்கும் கலைஞர்கள் இடும் பதிவுகள் மட்டும் வரிசையாக வரும். புதிதாக வந்தவருக்கு ஒரு பின்தொடர்பவர்கூட இல்லாத நிலையிலும், அவருடைய முதல் கோட்டோவியம் சக கலைஞர்கள் கண்ணில் படும். சமூகம் உருவாகும் இடம் இந்த உள்ளூர்த் தாள்தான்.

வெளியே போய்ச் சேர்வதற்கு ஹேஷ்டேக் வேண்டும். பரவலாக்கப்பட்ட வலையில் எல்லாவற்றையும் அறிந்த மையத் தேடல் கிடையாது. ஒரு வழங்கிக்குத் தெரிந்ததெல்லாம் அதன் பயனர்கள் பின்தொடரும் ஆட்களின் பதிவுகளும், அங்கே மறுபகிர்வாக வந்து சேர்ந்தவையும்தான். ஆகவே புதிதாகத் தொடங்கிய வழங்கி முதல் நாளில் வெறிச்சோடிக் கிடக்கும். முதலில் குடியேறுபவர்கள் பல வழங்கிகளில் உள்ள கலைஞர்களைத் தேடிப் பின்தொடர்ந்தால்தான் அதற்கு உயிர் வரும். 2022 நவம்பரில் வந்த மாஸ்டடன் 4.0 பதிப்பு முதல் ஹேஷ்டேக்கையே பின்தொடரலாம். மாஸ்டோஆர்ட் என்ற ஹேஷ்டேக்கைப் பின்தொடர்பவரின் திரைக்கு அறிமுகமே இல்லாத ஓவியரின் படமும் வந்து சேரும். ஒரு படத்துக்கு விருப்பக்குறி இட்டால் வரைந்தவர் மகிழ்வார், அவ்வளவே, படம் பரவாது. மறுபகிர்வுதான் அதை அடுத்தவரிடம் கொண்டு செல்லும்.

இங்கே வேரூன்றிய இன்னொரு நல்ல வழக்கம், படத்துக்கு விளக்கம் எழுதுவது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டும். படம் ஒவ்வொன்றுக்கும் 1,500 எழுத்துகள் வரை எழுத இடமுண்டு. விளக்கமில்லாத படங்களை மறுபகிர்வதில்லை என்று பலர் உறுதியாக இருக்கிறார்கள். தான் வரைந்ததைச் சொற்களில் விவரிக்கப் பழகுவது ஓவியருக்கும் பயிற்சி.

இத்தனையும் சும்மா நடப்பதில்லை. ஒரு வழங்கியில் இட்ட படத்தின் நகல் பிற வழங்கிகளிலும் சேமிக்கப்படும். எழுத்தைவிடப் படங்கள் பல மடங்கு இடம் பிடிக்கும். கலைஞர்களின் வழங்கிக்கு இதனாலேயே செலவு கூடும். புகார்களைப் படிப்பது, தொல்லை தருபவர்களை நீக்குவது, எந்த வழங்கியோடு உறவைத் துண்டிப்பது என்று முடிவெடுப்பது எல்லாம் மட்டுறுத்துநர்களின் வேலை. பெரும்பாலும் அவர்கள் தன்னார்வலர்கள். ட்விட்டர் கைமாறிய 2022 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாஸ்டடனின் மாதாந்தரப் பயனர்கள் ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாகப் பெருகியபோது, அந்தச் சுமையைத் தாங்கியவர்கள் இவர்களே.

வழங்கி பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம். பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய முகவரிக்கு வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் வரமாட்டா. பழைய வழங்கி இயங்கிக்கொண்டிருந்தால்தான் இந்த மாற்றம் நடக்கும் என்பதை மறக்கக் கூடாது. மாஸ்டடனின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற விரும்பும் வழங்கிகள், மூடுவதற்கு 3 மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், நாள்தோறும் காப்புநகல் எடுக்க வேண்டும், அவசரத்துக்கு உதவ இரண்டாவது ஆள் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற உடன்படிக்கையை ஏற்பதற்கு இதுவே காரணம்.

எல்லாக் குறைக்கும் இது மருந்தாகாது. பொதுவில் இட்ட படத்தை அள்ளிச் சென்று செயற்கை நுண்ணறிவைப் பழக்குவோரை எந்த வழங்கியாலும் முழுமையாகத் தடுக்க முடியாது. நீங்கள் நீக்கிய படத்தைப் பிற வழங்கிகளும் நீக்கச் சொல்லிச் செய்தி போகும், கட்டாயப்படுத்த இயலாது. லட்சக்கணக்கான பார்வைகளும் இங்கே எளிதில் கிடைக்கமாட்டா.

ஆனாலும் ஒரு கலைஞருக்கு வேண்டியது, தன் வேலையை நின்று பார்த்துப் பேசும் சில நூறு பேர். அவர்களை எந்த நிறுவனத்தின் தயவும் இல்லாமல் இங்கே பெற முடியும். வரைபவர்கள் ஒரு வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் முன் அதன் விதிகளைப் படியுங்கள். அதை நடத்துபவர் யார், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சேர்ந்த பிறகு நீங்கள் ஒரு படம் இட்டால், பிறருடைய மூன்று படங்களை மறுபகிருங்கள். முடிந்தால் மாதம் ஒரு சிறு தொகையை வழங்கிக்குக் கொடுங்கள். சொந்த இடம் வேண்டும் என்று கேட்கும் கலைஞர்கள், அதைப் பராமரிக்கும் பொறுப்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.