உங்களுக்குத் தெரியுமா? மாமல்லபுரத்துக்கு வந்த ஃபெலுதா

வங்காளப் பிள்ளைகளின் செல்லத் துப்பறிவாளர் ஃபெலுதா பிறந்தது 1965-இல், ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில். எழுதியவர் திரைப்பட மேதை சத்யஜித் ராய். அந்த இதழை 1913-இல் தொடங்கியவரே அவருடைய தாத்தா உபேந்திரகிஷோர்தான். கதைகளைச் சொல்வது ஃபெலுதாவுக்குத் தம்பி முறையான சிறுவன் தொப்ஷே. பிள்ளைகள் இந்த வரிசையோடு ஒட்டிக்கொண்டதற்கு அந்தக் குரலே பெரிய காரணம். 1992-இல் மறைவதற்குள் ராய் 35 கதைகளை எழுதி முடித்திருந்தார். 1990-இல் வந்த ‘நயன் ரகசியம்’ கதையில் ஃபெலுதா சென்னைக்கே வருகிறார், மாமல்லபுரமும் போகிறார். அங்குள்ள குகைக்கோயில்களுக்கெல்லாம் முன்னோடி விழுப்புரம் பக்கத்தில் நம் மண்டகப்பட்டில் இருக்கிறது: செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்தது. விழுப்புரம், திண்டிவனம் பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஃபெலுதாவை அறிமுகப்படுத்துங்கள். மண்டகப்பட்டுக்கும் ஒருமுறை அழைத்து வாருங்கள்.