பொள்ளாச்சி டூ பல்கலைக்கழக அணி: கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து சீசன் எப்படி நடக்கும்? கோப்பையை விட ஒரு சான்றிதழ் ஏன் பெருசு?

ஒரு கூடைப்பந்து ஆட்டம். பந்து ஒரு தடவை கூட ரிங்குக்குள்ள போகல. ஆனா ஸ்கோர் 20–0. இது எப்படிங்க?

சர்வதேச கூடைப்பந்து விதிப்படி, குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து வீராங்கனைகள் ஆடத் தயாராக நிற்காவிட்டால் அந்த அணி தோற்றதாக அறிவிக்கப்படும். எதிரணிக்கு 20–0 என்று எழுதிவிடுவார்கள். ஆடாமலே தோல்வி. கோவையில் காலையில் மேட்ச் என்றால், சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொள்ளாச்சியிலிருந்து பஸ் பிடித்து வரும் அணிக்கு முதல் எதிரி யார் என்று இப்போது புரிந்திருக்கும்.

புதிய கல்வியாண்டில் கல்லூரிகளின் கூடைப்பந்து கோர்ட்டுகளில் மீண்டும் விசில் சத்தம் கேட்கிறது. பெரிய ஸ்பான்சர் இல்லாத, நேரடி ஒளிபரப்பு இல்லாத சீசன் இது. ஆனால் இதில் ஆடும் பெண்களில் சிலருக்கு வேலை வாய்ப்பின் கதவே இங்கேதான் திறக்கும். எப்படி? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*ஒரே ஊர், ஆனா வேற வேற பாதை*

பொள்ளாச்சியில் இருக்கும் கல்லூரிகள் எல்லாம் ஒரே போட்டியில் மோதிக்கொள்ளும் என்று நினைத்தால், அது தப்பு.

1957-ல் தொடங்கிய நல்லமுத்துக் கவுண்டர் மகாலிங்கம் கல்லூரி போன்ற கலை, அறிவியல் கல்லூரிகள் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அதே ஊரில் இருக்கும் டாக்டர் மகாலிங்கம் பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி போன்றவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். ஒரே தெருவில் வளர்ந்து, ஒரே பள்ளியில் ஒன்றாக ஆடிய இரண்டு தோழிகள், ஒருத்தி பி.காம்., இன்னொருத்தி பி.இ. சேர்ந்துவிட்டால், பல்கலைக்கழக ஆட்டங்களில் அவர்களின் பாதையே பிரிந்துவிடும்.

மூன்றாவது பாதையும் ஒன்று இருக்கிறது. கோவையில் உள்ள அவினாசிலிங்கம், காருண்யா, அமிர்தா போன்றவை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். அவை தங்கள் அணியை நேரடியாகவே பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு அனுப்பலாம். நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தில் அப்படி இல்லை. அத்தனை கல்லூரிகளிலிருந்தும் சேர்த்து ஒரே ஒரு பெண்கள் அணிதான். அதில் இடம் 12 பேருக்கு மட்டும்.

இந்த 12 என்ற எண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க. மொத்த சீசனும் இதைச் சுற்றித்தான்.

*சீசன் எந்த வரிசையில் நடக்கும்?*

படிப்படியாகச் சொன்னால் இப்படி:

1. கல்லூரி அணி: கல்லூரி திறந்ததும் உடற்கல்வி இயக்குநர், மாணவிகள் பாஷையில் சொன்னால் ‘பி.டி. மேம்’, டிரையல்ஸ் வைத்து அணியைத் தேர்வு செய்வார்.

2. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி: மண்டல அளவில் தொடங்கி, ஜெயிக்கும் அணிகள் அடுத்த கட்டத்தில் மோதும்.

3. பல்கலைக்கழக அணித் தேர்வு: இந்தப் போட்டிகளில் கண்ணில் பட்டவர்களை வைத்து தேர்வும் பயிற்சி முகாமும் நடக்கும். இங்கேதான் அந்த 12 பேர் முடிவாகிறார்கள்.

4. தென் மண்டலப் போட்டி: தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள் மோதும் களம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டி இது. முதல் நான்கு இடம் பிடிக்கும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும்.

5. அகில இந்தியப் போட்டி: நான்கு மண்டலங்களின் முன்னணி அணிகள் சந்திக்கும் இடம். இதில் முன்னிலை பெறும் அணிகளுக்கு, 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் ஆடும் வாய்ப்பு கிடைக்கும்.

யார் ஆடலாம்? 17 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். முழுநேரப் படிப்பில் இருக்க வேண்டும். தொலைதூரக் கல்வியில் படிப்பவர்களுக்கு இடம் இல்லை.

*தோத்துட்டா எல்லாம் முடிஞ்சுதா?*

இல்லை. சின்னக் கல்லூரிப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயமே இதுதான்.

கோப்பை அணிக்கு. ஆனால் பல்கலைக்கழகத் தேர்வு தனி ஆளுக்கு. கல்லூரி அணி முதல் சுற்றிலேயே வெளியேறினாலும், அந்த ஆட்டத்தில் நன்றாக ஆடிய ஒரு பெண் பல்கலைக்கழக அணியின் 12 பேரில் ஒருத்தியாக வர முடியும். பல சின்னக் கல்லூரி அணிகளுக்கு ஒரு சீசனில் கிடைப்பது இரண்டு, மூன்று ஆட்டங்கள்தான். ஒரு ஆட்டத்துக்கு 10 நிமிடம் வீதம் 4 கால்பகுதி, மொத்தம் 40 நிமிடம். அதாவது ஒரு வருஷப் பயிற்சியைக் காட்ட கிடைக்கும் நேரம் அதிகபட்சம் இரண்டு மணி நேரம்தான்.

அதனால்தான் அந்த 20–0 வலிக்கிறது. பஸ் லேட்டானால் போவது ஒரு ஆட்டம் மட்டும் இல்லை. தேர்வாளர்கள் கண்ணில் படும் வாய்ப்பும் சேர்ந்தே போகிறது.

*அந்தச் சான்றிதழ் என்ன செய்யும்?*

மத்திய அரசுப் பணிகளில் குரூப் ‘சி’ நேரடி நியமனங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்ப விதி இருக்கிறது. யாரெல்லாம் தகுதி? சர்வதேச அளவில் அல்லது தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்கள். அவர்களோடு, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் தங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு.

இதற்கான சான்றுதான் ‘படிவம் 3’. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பு அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுப்பது. தமிழ்நாடு அரசுப் பணிகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது.

இரண்டு விஷயங்களில் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்:

• கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கோப்பையே ஜெயித்திருந்தாலும், அந்தச் சான்றிதழ் படிவம் 3 ஆகாது. பல்கலைக்கழக ஜெர்சி போட்டு ஆடியிருக்க வேண்டும்.

• படிவம் 3 கையில் இருந்தால் வேலை உறுதி என்றும் அர்த்தம் இல்லை. விண்ணப்பிக்கும் தகுதி அது. எந்தத் துறை, எந்தப் பதவி என்பதைப் பொறுத்து, ஆடினால் போதாது, பதக்கமும் வேண்டும் என்று கேட்பார்கள். அறிவிப்பை வரி விடாமல் படிப்பது நல்லது.

அமெரிக்காவில் 2024 கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியை டி.வி.யில் 1.8 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிப் போட்டியை விட இது அதிகம். அங்கே கல்லூரியில் ஜொலித்தால் அடுத்தது தொழில்முறை லீக். நம்ம ஊரில் பெண்களுக்கு அப்படி நிலைத்து நிற்கும் லீக் இல்லை. இங்கே ஆட்டத்தைத் தொடர வைப்பது தெற்கு ரயில்வே, கேரள மாநில மின்சார வாரியம் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் அணிகளும், அவை தரும் வேலையும்தான். வேலை இல்லை என்றால், பட்டம் வாங்கும் நாளோடு ஷூவைக் கழற்றி வைக்க வேண்டியதுதான்.

*யாராவது இப்படி மேலே வந்திருக்காங்களா?*

வந்திருக்கிறார்கள். பொள்ளாச்சிக்குத் தென்மேற்கே, கேரளாவின் சங்கனாச்சேரியில் இருக்கிறது அசம்ப்ஷன் கல்லூரி. அங்கே படித்த கீது அன்னா ஜோஸ், பிறகு தெற்கு ரயில்வேயில் சேர்ந்தார். இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்காக ஆடினார். 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் பங்கேற்றார். 2014-ல் அர்ஜுனா விருது பெற்றார். பெருநகரம் அல்லாத ஊரின் கல்லூரி, அடுத்து ரயில்வே வேலை, அடுத்து உலகம். பாதை இப்படித்தான் போனது.

இன்னொருவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. 19 வயதில் இந்திய அணியின் கேப்டன் ஆனவர். இவருக்கும் தெற்கு ரயில்வேதான் வேலை கொடுத்தது. குழந்தை பிறந்த பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதிப் போட்டியில் கஜகஸ்தானை 75–73 என்று இந்தியா வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேலை கையில் இருந்ததால்தான் இத்தனை வருஷம் ஆட முடிந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

*பொள்ளாச்சி அணிகளுக்கு என்ன சவால்?*

காற்று: பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் எதிரே இருக்கும் ஊர் இது. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும் என்பார்கள், பந்து பறக்காதா? திறந்தவெளி சிமென்ட் கோர்ட்டில், 6.75 மீட்டர் தூரத்து மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறியும் பந்து வளைந்து போகும். அதனால் ரிங்குக்குக் கிட்டப் போய் லே-அப் போடும் பழக்கம்தான் அதிகம் வரும். அதே அணி உள்ளரங்கில், மரத்தரையில் ஆடும்போது, தூரத்திலிருந்து குறி பார்த்து எறியும் எதிரணியிடம் திணறும்.

மழை: தென்மேற்குப் பருவமழை முடிந்து மூச்சு விடுவதற்குள் வடகிழக்கு வந்துவிடும். ஈரமான சிமென்ட் கோர்ட்டில் ஓடினால் முட்டியும் கணுக்காலும்தான் பலி. மழை நாளில் பயிற்சி ரத்து.

ஆள் பலம்: அணியில் 12 பேர் வரை இருக்கலாம். ஆனால் சின்னக் கல்லூரிக்கு ஏழெட்டுப் பேர் சேர்வதே பெரும்பாடு. ஒருவர் ஐந்து பவுல் செய்தால் வெளியே போக வேண்டும். ஒரு கால்பகுதியில் அணியின் நான்கு பவுல் தாண்டினால், அதற்குப் பிறகு வரும் பவுல்களுக்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. மாற்று ஆள் இல்லாத அணி, பவுலுக்குப் பயந்தே தடுப்பாட்டத்தைத் தளர்த்திவிடும். ஒரு விசித்திரமான விதியும் உண்டு: ஆட்டம் தொடங்க ஐந்து பேர் வேண்டும். ஆனால் கடைசியில் களத்தில் இரண்டு பேர் மிஞ்சினாலும் ஆட்டம் தொடரும்!

வீடு: மாலை ஆறு மணிக்குப் பயிற்சி முடிந்தால், கிராமத்துக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால் நின்றுபோகும் ஆட்டம் கொஞ்சம் இல்லை. காலைப் பயிற்சி, கல்லூரி பஸ்ஸிலேயே வீடு திரும்பும் வசதி என்று ஏற்பாடு செய்யும் கல்லூரிகளில் அணி தானாகச் சேரும்.

*வேற வாய்ப்பு இருக்கா?*

இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. கூடைப்பந்தும் அதில் ஒன்று. இங்கே கோவை மாவட்டம் என்பதுதான் கணக்கு. பாரதியாரா, அண்ணாவா என்று பார்ப்பதில்லை. மேலே சொன்ன அந்த இரண்டு தோழிகளும் மோதிக்கொள்ள வாய்ப்புள்ள இடம் இதுதான். ஆன்லைனில் முன்பதிவு கட்டாயம். கடந்த ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் மாவட்டப் போட்டிகள் நடந்தன. கடைசித் தேதியைத் தவறவிட்டால் திறமை இருந்தும் பயன் இல்லை.

அதோடு, கோவையில் மாவட்ட கூடைப்பந்துக் கழகம் நடத்தும் அகில இந்தியப் போட்டிகளை நேரில் போய்ப் பார்ப்பதே ஒரு பாடம். ஆண்களுக்கு நடப்பது நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை. பொள்ளாச்சித் தொழிலதிபரின் பெயர் அது. பெண்களுக்கு நடப்பது சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை. நாட்டின் முன்னணி அணிகள் வந்து ஆடும் இந்தப் போட்டிகளை, ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் பார்க்கும் வாய்ப்பு எல்லா ஊர்ப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை.

*இந்த சீசனில் மாணவிகள் கவனிக்க வேண்டியவை*

• கல்லூரி டிரையல்ஸ் தேதியை முதல் வாரத்திலேயே பி.டி. மேமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

• அடையாள அட்டை, பிளஸ் 2 மதிப்பெண் சான்றிதழ், வயதுச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரே ஃபைலில் வையுங்கள்.

• அணி தோற்றாலும் பல்கலைக்கழகத் தேர்வு எப்போது என்று விசாரியுங்கள். அழைப்பு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

• பல்கலைக்கழக அணியில் ஆடிவிட்டால், படிப்பு முடிந்து வெளியேறும் முன்பே படிவம் 3-ஐக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

• மேட்ச் நாளில், வழக்கமான பஸ்ஸுக்கு ஒரு பஸ் முன்னாடியே கிளம்புங்கள். அந்த 15 நிமிடத்தை எந்த டிரைவரும் திருப்பித் தர மாட்டார்.