நெடி அடித்தால் மணியைப் பாருங்கள்

2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்பு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா நெடி ஊரையே எழுப்பியது. கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து மூச்சு முட்டிய ஜனம் ஈரத் துணியால் முகத்தைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயலில் புரண்ட பாறைகள் குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது பிறகு விசாரித்த குழு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலருகே அளந்தபோது ஒரு கனமீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400.

இந்த 400 என்ற எண்ணைப் பழவேற்காட்டுக்காரர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது 24 மணி நேரச் சராசரி. ஒரு பேச்சுக்கு, உங்கள் குப்பத்தின்மேல் 20,000 மைக்ரோகிராம் அமோனியா கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கலைகிறது என்று வையுங்கள். மிச்ச நேரமெல்லாம் காற்று சுத்தம். நாள் முழுவதற்கும் சராசரி போட்டால் சுமார் 208தான் வரும். காகிதத்தில் எல்லாம் வரம்புக்குள். குழந்தை இருமியது மட்டும் கணக்கில் வராது.

எண்ணூர் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். பழவேற்காடு ஏரிமுகத்திலிருந்து நேர்க்கோட்டில் சுமார் இருபது கிலோமீட்டர் தெற்கே வட சென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட். அதை ஒட்டி வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். காளாஞ்சி, காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊர்களுக்கு அந்தத் தூரமும் கிடையாது. 500 மெகாவாட் அலகுகளுக்கு 275 மீட்டர் உயரத்தில் புகைபோக்கி கட்டச் சொன்னது பழைய விதி. பக்கத்து ஊர் தப்பிக்கட்டும் என்பது அதன் நோக்கம். புகை காணாமல் போவதில்லை, தூரத்து ஊருக்குப் போகிறது. தென்னல் அடிக்கும் மாதங்களில் அது நகரும் திசை வடக்கு, அதாவது ஏரிப் பக்கம்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பகலில் கடற்காற்று கரையேறும்போது, சூடேறிய தரைக்கு மேலே காற்று புரள ஆரம்பிக்கிறது. உயரத்தில் போய்க்கொண்டிருந்த புகை அந்தப் புரளலில் சிக்கினால் சட்டென்று கீழே இறங்கிவிடும். காலையில் ஒன்றுமில்லாமல் உச்சிவேளையில் தொண்டை கரகரப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

புகைபோக்கியை விட்டுக் கிளம்பியது வழியில் உருமாறவும் செய்கிறது. நிலக்கரியிலுள்ள கந்தகம் எரிந்து சல்ஃபர் டை ஆக்சைடாகிறது. அது காற்றில் கந்தக அமிலமாகி, அங்குள்ள அமோனியாவோடு சேர்ந்தால் அமோனியம் சல்ஃபேட் என்னும் நுண்துகள். 2.5 மைக்ரானுக்கும் சிறியதான இந்தத் தூசி நுரையீரலின் கடைசி அறைவரை போகும். ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராம் வரை இந்தியா அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. வாரியத்தின் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் தெற்கே மணலியிலும் மேற்கே கும்மிடிப்பூண்டியிலும் உள்ளன. இரண்டுமே ஏரிமுகத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே பதிவாவது அந்தந்த இடத்துக் காற்று, உங்கள் ஊர்க் காற்று அல்ல.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்து காட்டினார்கள். எந்த நெடி, எத்தனை மணிக்கு, எந்தத் திசைக் காற்றில் என்று எழுதினார்கள். 2004இல் வாளியால் காற்றையும் பிடித்தார்கள். மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பை, பையிலிருந்து வெளியே ஒரு குழாய். வாளிக்குள்ளிருக்கும் காற்றைச் சின்னப் பம்பால் உறிஞ்சினால் பை தானாக உப்பி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். பையை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். 1995இல் கலிபோர்னியாவில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் புகையால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக வழக்கறிஞர் எட் மாஸ்ரி ஒரு சுற்றுச்சூழல் பொறியாளரைக் கொண்டு செய்வித்த மலிவான கருவி இது.

நோட்டில் நேர்மை முக்கியம். வீட்டில் சவுக்கு விறகு எரிந்ததா, தெருமுனையில் குப்பை கொளுத்தினார்களா, படகு எஞ்சின் புகையா, அதையும் எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் கம்பெனி வக்கீல் கேட்பார். காற்றின் திசை சொல்ல மீனவருக்கு யாரும் கருவி தர வேண்டியதில்லை. வாடையா, கச்சானா, கொண்டலா என்பது போதும். மூச்சுத் திணறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் ‘மூச்சிரைப்பு’ என்று மட்டும் எழுதி அனுப்பிவிட விடாதீர்கள். எத்தனை மணிக்கு, எந்த நெடிக்குப் பிறகு தொடங்கியது என்பதையும் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஓ.பி. சீட்டைத் தூக்கி எறியாதீர்கள்.

வாளிக் காற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 1981ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி அதிகாரி முறையாக எடுத்த மாதிரிதான் சட்ட நடவடிக்கையில் சாட்சி. நம் நோட்டும் வாளியும் அந்த அதிகாரியைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு வரவைக்கும் ஆயுதங்கள்.

கசிவு நடக்கும் நேரத்தில் நோட்டைத் தேட வேண்டாம். காற்று வரும் திசையையும் போகும் திசையையும் விட்டுவிட்டு, குறுக்கே நகருங்கள். அமோனியா தண்ணீரில் கரையும் என்பதால் ஈரத் துணி ஓரளவு உதவும். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கழுத்தளவு நீரில் பறியைப் பல்லால் கவ்வி இறால் தடவுபவர்களுக்கு முதலில் குரல் கொடுங்கள். அவர்களால் சட்டென்று கரையேற முடியாது.

அதற்குப் பிறகுதான் காகித வேலை. முதல் புகார் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, நகல் மாவட்ட ஆட்சியருக்கு. ஒப்புகை வாங்காத மனு கொடுக்காத மனுவுக்குச் சமம். வாரியம் அசையாவிட்டால் காற்றுச் சட்டத்தின் 43ஆவது பிரிவுப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தனிமனிதரே நீதிமன்றம் போகலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஆலைக்குக் கொடுத்த இசைவாணையின் நகலையும் நெடி அடித்த தேதியின் புகைபோக்கி அளவீட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ‘மாசு பற்றிய விவரம் தேவை’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். தேதியும் மணியும் போட்டுக் கேட்டால் நழுவ முடியாது.

எஃப்.ஜி.டி. எனும் கந்தக நீக்கக் கருவி பற்றியும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் கரைசலைத் தெளித்துக் கந்தகத்தை ஜிப்சமாக மாற்றும் இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையான வரம்புகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. இரண்டு ஆண்டு கெடு நீண்டுகொண்டே போனது. 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கிடைத்துவிட்டது. பத்து லட்சம் மக்களுக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்குக் கெடு 2027 டிசம்பர். நம் பக்கத்து நிலையங்கள் எந்த வகையில் வருகின்றன, வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நஷ்டஈட்டுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இங்கே நாள் கணக்கு ரொம்ப முக்கியம். மாசைத் தடுக்கக் கோரும் மனுவுக்கு ஆறு மாதம், இழப்பீட்டுக்கு ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் 60 நாள் கூடுதல். விபத்து என்றால் ஆலையின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நோய், மருத்துவச் செலவு, கூலி இழப்பு, செத்த மீன் எல்லாமே கேட்கத் தகுந்தவை. பெண்களுக்கும் இருளர் உள்ளிட்ட பழங்குடியினருக்கும் தொழிற்சாலை விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கும் இலவச வக்கீல் கொடுப்பது சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கடமை. தொலைபேசி எண் 15100.

நோட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்கான மக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. மறுபடி அறிவிப்பு வந்தால் 30 நாள் அவகாசம் தர வேண்டும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் தர வேண்டும். இத்தகைய அறிக்கைகளில் காற்றுத் தரத்தின் அடிப்படை அளவீடு பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்தின் மூன்று மாதக் கணக்கு. உங்கள் நோட்டில் கச்சானும் வாடையும் தென்னலும் சேர்ந்து ஓராண்டு இருக்கும். அதை நகலெடுத்து எழுத்துமூலக் கருத்தோடு இணைத்துக் கொடுங்கள். மேடையில் பேசியதோடு அதுவும் பதிவாக வேண்டும் என்று கேளுங்கள். அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தாமதத்துக்குக் காரணம் காட்டினால் மேலும் 60 நாள்.