ஆலை எந்த ஊரில், பங்கு யார் கையில்?

ஒரு தொழில் நிறுவனம் எதற்காக நடத்தப்படுகிறது என்று கேட்டால் ‘இலாபத்துக்காக’ என்பதே உடனே வரும் விடை. ஆனால் இலாபம் என்பது ஆண்டு முடிவில் கணக்கில் மிஞ்சும் தொகை. எந்தப் பொருளைச் செய்வது, எந்த ஊரில் செய்வது, யாரை வேலைக்கு அமர்த்துவது, மூலப்பொருளை யாரிடம் என்ன விலைக்கு வாங்குவது என்ற முடிவுகள் எல்லாம் அந்தத் தொகை தெரிவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன. நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1954இல் வெளிவந்த தமது நூலில், வாடிக்கையாளரை உருவாக்குவதே தொழிலின் நோக்கம் என்றும், அந்த நோக்கம் சரியாக நிறைவேறுகிறதா என்று சோதித்துப் பார்க்கும் அளவுகோலே இலாபம் என்றும் வாதிட்டார். இதற்கு நேர்மாறாக, சட்டத்துக்கும் சமூக நெறிக்கும் உட்பட்டு உரிமையாளர்களுக்கு இலாபம் ஈட்டித் தருவதைத் தவிர நிறுவனத்துக்கு வேறு சமூகப் பொறுப்பு கிடையாது என்று பொருளியல் அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதினார். இந்தியச் சட்டம் இந்த வழக்கில் ஃப்ரீட்மன் பக்கம் நிற்கவில்லை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 166ஆவது பிரிவு, ஓர் இயக்குநர் பங்குதாரர்களின் நலனோடு ஊழியர், சுற்றியுள்ள சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் கருதிச் செயல்பட வேண்டும் என்று கடமையாகவே விதிக்கிறது.

அதே சட்டத்தின் 135ஆவது பிரிவுதான் பொதுமக்களிடம் அதிகம் பேசப்படுகிறது. ரூ.500 கோடி நிகர மதிப்பு, ரூ.1,000 கோடி விற்றுவரவு, ரூ.5 கோடி நிகர இலாபம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைக் கல்வி, மருத்துவம், வறுமை ஒழிப்பு முதலிய பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். ‘சி.எஸ்.ஆர். நிதி’ (நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி) என்று பள்ளிக்கட்டடங்களிலும் குடிநீர்த் தொட்டிகளிலும் எழுதப்பட்டிருப்பது இந்தப் பணம்தான். இதில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு: நிறுவனத்தின் வழக்கமான தொழில் நடவடிக்கைகளும், அதன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்தரும் செலவுகளும் இந்தக் கணக்கில் சேரமாட்டா. ஆலையைப் பெருநகரத்தில் அமைக்காமல் பின்தங்கிய கிராமத்தில் அமைப்பதும், விவசாயிக்கு நியாயமான விலையை நாள் தவறாமல் கொடுப்பதும், அந்த விலையைத் தீர்மானிப்பதில் அவருக்கே இடமளிப்பதும் சி.எஸ்.ஆர். ஆகா. ஆனால் ஒரு நிறுவனத்துக்கு இலாபம் அல்லாத இலக்கு உண்டா இல்லையா என்பதைக் காட்டுபவை இவையே என்பதற்கு ஆந்திரத்தின் புத்தூரும் அதைச் சூழ்ந்த சித்தூர், திருப்பதி வட்டாரமும் தரும் சான்றுகள் ஒன்றல்ல, பல.

புத்தூர், ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்து, தெலுங்கும் தமிழும் ஒருசேரப் புழங்கும் ஊர். 2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அது சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. மழையை நம்பிய நிலக்கடலையும் மாந்தோப்புமே நீண்டகாலம் பிழைப்பாக இருந்த இந்த வட்டாரத்தில், வறட்சி வந்தால் வேலை தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போவதே இளைஞர்களின் வழியாக இருந்தது.

அந்தப் போக்கை மாற்றுவதையே நோக்கமாகச் சொல்லித் தொடங்கப்பட்டது அமர ராஜா குழுமம். சித்தூரை அடுத்த பேட்டமிட்டா என்ற சிற்றூரில் பிறந்து, அமெரிக்காவில் பொறியாளராகப் பணிபுரிந்து திரும்பிய கல்லா ராமச்சந்திர நாயுடு, 1985இல் நிறுவனத்தைத் தொடங்கியபோது திருப்பதிக்கு அருகிலுள்ள கரகம்பாடியைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் ‘அமரான்’ என்ற பெயரில் நாடெங்கும் அறியப்பட்ட வாகன பேட்டரிகள் அங்கிருந்தே புறப்பட்டன. குழுமத்தின் பிற ஆலைகளும் பேட்டமிட்டா, திகுவமாகம் போன்ற கிராமப்புறங்களிலேயே அமைக்கப்பட்டன. வங்கி, துறைமுகம், தேர்ந்த ஊழியர் ஆகிய மூன்றும் பக்கத்தில் கிடைக்கும் நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போவது குறுகிய காலக் கணக்கில் செலவு கூடிய முடிவு. சாலை முதல் தொழிற்பயிற்சி வரை நிறுவனமே பொறுப்பேற்க நேர்கிறது. அதன் பலன், ஊரை விட்டுப் போகாமலே மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தலைமுறை அங்கு உருவானதாகும். எத்தனை நன்கொடை கொடுத்தாலும் இதற்கு ஈடாகாது.

எனினும் கிராமத்துக்கு வேலை தரும் ஆலை அதே கிராமத்தின் மண்ணையும் நீரையும் தொட்டுக்கொண்டேதான் இயங்குகிறது. பேட்டரியின் முக்கிய மூலப்பொருள் ஈயம். அது உடலில் சேர்ந்தால் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும், குழந்தைகளுக்கு அதன் தீங்கு இன்னும் கடுமையானது. ஈய மாசு குறித்த குற்றச்சாட்டுகளின் பேரில் 2021 ஏப்ரல் இறுதியில் ஆந்திர மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்நிறுவனத்தின் ஆலைகளை மூட ஆணையிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்து வழக்குத் தொடுக்க, உயர் நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் அப்போது எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால் இது அரசியலாகவும் பார்க்கப்பட்டது. அரசியலை ஒதுக்கிவிட்டாலும் ஒரு செய்தி மிஞ்சுகிறது: வேலைவாய்ப்பு என்ற நல்ல இலக்கு, தூய நீர், தொழிலாளர் உடல்நலம் என்ற வேறு இரண்டு இலக்குகளுக்கு மாற்றாகிவிடாது, மூன்றையும் ஒருசேர அளந்து காட்டும் கடமை நிறுவனத்துக்கு உண்டு.

இலக்கு அறிவிப்பாக நின்றுவிடாமல் நிறுவனத்தின் சட்ட அமைப்பிலேயே எழுதப்படுவது இதற்கும் ஒரு படி மேலானது. திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் அதற்கு உதாரணம். சித்தூரில் பல்லாண்டு இயங்கிய கூட்டுறவுப் பால்பண்ணை 2002இல் மூடப்பட்டபின் பெரும்பாலும் தனியார் கொள்முதலையே நம்பியிருந்த வட்டாரத்தில், தேசிய பால்வள வாரியத்தின் துணை அமைப்பான என்.டி.டி.பி. டெய்ரி சர்வீசஸின் உதவியோடு 2014இல் இது தொடங்கப்பட்டது. உறுப்பினர்கள் அனைவரும் பெண்கள். இன்று அவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கும் மேல். 2023இல் சிகாகோவில் நடந்த உலகப் பால்வள மாநாட்டில், மகளிர் மேம்பாட்டுப் பணிக்காகச் சர்வதேசப் பால்வளக் கூட்டமைப்பின் விருது இந்நிறுவனத்துக்குக் கிடைத்தது.

‘உற்பத்தியாளர் நிறுவனம்’ என்பது 2002ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் இந்தியாவில் உருவான தனி வகை. கூட்டுறவின் உள்ளடக்கத்தை நிறுவனத்தின் வடிவத்தில் வைப்பது. குறைந்தது பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து இதைத் தொடங்கலாம். அதன் விதிகளைப் பார்த்தால் இலாபம் எந்த இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பது தெளிவாகும். நூறு பங்கு வைத்திருக்கும் தனிநபருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றுதான். பங்குக்கு ஈவுத்தொகை உண்டு, ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. மிகுதியாகும் தொகை, யார் எவ்வளவு பணம் போட்டார் என்பதைப் பார்த்து அல்லாமல், யார் எவ்வளவு பால் ஊற்றினார் என்பதைப் பார்த்து ஊக்கத்தொகையாகப் பிரிக்கப்படுகிறது. பங்குச் சந்தையில் விலை பேசி யாரும் இதை வாங்கிவிட முடியாது. பங்கைக் கைமாற்றுவதானால் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு, முகமதிப்பிலேயே, பால் ஊற்றும் இன்னொரு உறுப்பினருக்குத்தான் மாற்ற வேண்டும்.

இந்த விதிகளின் பயனை ஊர்ப் பால் சேகரிப்பு மையத்தில் காலையிலும் மாலையிலும் நேரில் காணலாம். ஒரு பெண் தம் வீட்டு ஜெர்சி கலப்பினப் பசுவின் பாலைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவருகிறார், சிறு மாதிரி எடுக்கப்பட்டுக் கருவியில் வைக்கப்படுகிறது, கொழுப்பும், ‘எஸ்.என்.எஃப்.’ என்று ஊரார் சொல்லும் கொழுப்பற்ற திடப்பொருளும் எண்களாகத் திரையில் தெரிகின்றன. பாலின் அளவு, தரம், விலை மூன்றும் பதிவாகின்றன. தரம் பார்க்காமல் குத்துமதிப்பாக லிட்டருக்கு இவ்வளவு என்று வியாபாரி சொன்னதை ஏற்க வேண்டிய நிலை இங்கு இல்லை. பணம் அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகிறது. மாட்டைக் குளிப்பாட்டித் தீனி வைத்துக் கறப்பது பெண், பால் பணத்தை வாங்குவது வீட்டு ஆண் என்று நெடுங்காலமாக இருந்த வழக்கத்தை ஒரு வங்கிக் கணக்கு மாற்றியிருப்பது சிறிய சாதனை அல்ல. இயக்குநர் குழுவிலும் இதே பெண்கள்தாம் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்கிறார்கள். இவ்வளவுக்கும் நடுவே நிறுவனம் இலாபம் ஈட்டியே ஆக வேண்டும். குளிரூட்டும் நிலையத்துக்கும் லாரிக்கும் பணம் வேறு எங்கிருந்தும் வராது. இலாபத்தைக் கைவிடுவது இங்கே நோக்கமன்று, அது யாருக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வதே நோக்கம்.

புத்தூரின் பெயரைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்த தொழில் ஒன்றும் இங்கே குறிப்பிடத் தக்கது. எலும்பு முறிவுக்குப் பச்சிலை, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி ஆகியவற்றைக் கொண்டு போடப்படும் ‘புத்தூர் கட்டு’ 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரு குடும்ப மரபாகத் தொடர்ந்து வருகிறது. எளியவர்களால் கொடுக்க முடிந்த கட்டணமே அதன் பெயரை வளர்த்தது. அந்த நற்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாததால், புத்தூரோடு தொடர்பே இல்லாதவர்களும் ‘புத்தூர் கட்டு’ என்ற பலகையை மாட்டிக்கொள்கிறார்கள். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுகளுக்கும் முதுகெலும்பு அடிபட்டவர்களுக்கும் மருத்துவமனையே தகுந்த இடம். அதை நோயாளியிடம் சொல்லி அனுப்பிவைப்பதும் தொழில்நெறியில் அடங்கியதே.

பால் தொழிலைப் போலன்றி, மாம்பழத் தொழிலில் நிலைமை வேறு. கிருஷ்ணகிரியில் ‘பெங்களூரா’ என்றும் சித்தூரில் ‘தோத்தாபுரி’ என்றும் வழங்கும் மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள் சித்தூர் மாவட்டத்தில் நிறைய உள்ளன. இந்தியாவின் மாம்பழச் சாறு பானங்கள் பலவற்றுக்கு இங்கிருந்தே கூழ் போகிறது. 2025 பருவத்தில் விலை சரிந்து விவசாயிகள் தவித்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், அரசு 4 ரூபாய் மானியமாகச் சேர்க்கும் என்று ஆந்திர அரசு அறிவிக்க நேர்ந்தது. பால் ஊற்றும் பெண்ணுக்கு நிறுவனத்தில் வாக்கு இருக்கிறது. மாம்பழம் கொண்டுவரும் விவசாயிக்கு ஆலை வாசலில் டிராக்டரோடு காத்திருக்கும் வரிசை மட்டுமே இருக்கிறது. மாங்கூழுக்கும் ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆந்திர அரசு விலை சரியும்போது மானியம் அறிவிப்பதற்குப் பதிலாக அதற்கான முதலீட்டில் ஒரு பகுதியைத் தர முன்வர வேண்டும்.