காயத்தை ஆற்றிக்கொள்ளும் செயற்கைத் தோல்

சமையலறைக் கத்தி விரலில் ஏற்படுத்தும் சிறு வெட்டு சில நாட்களில் ஆறிவிடுகின்றது. எவரும் அதனை அதிசயமாகக் கருதுவதில்லை. ஆனால், செயற்கைக் கையொன்றின் மீது போர்த்தப்பட்ட உறை கிழிந்தால் அது கிழிந்தபடியே கிடக்கும். அதற்குத் தொடுகை உணர்வும் கிடையாது. போரினாலும் கண்ணிவெடிகளினாலும் அவயவங்களை இழந்த பலர் வாழும் நமது நாட்டில் இக்குறைகளின் தாக்கத்தை விளக்க வேண்டியதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே நீக்க முனையும் ஆராய்ச்சிகளில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஜெனான் பாவோவும் அவரது குழுவினரும் மேற்கொண்டுவரும் ஆய்வுகள் முக்கியமானவை.

தோல் உணர வேண்டுமாயின் அதனூடாக மின்சமிக்ஞைகள் செல்ல வேண்டும். மூட்டு மடியும் இடங்களில் அது இழுபடவும் வேண்டும். கணினிகளில் உள்ள சிலிக்கனோ கண்ணாடியைப் போன்று நொறுங்கும் இயல்புடையது. எனவேதான் விஞ்ஞானிகள் இறப்பர், பிளாஸ்டிக் போன்ற பல்பகுதியங்களை நாடினர். பல்பகுதியம் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்ட பொருளாகும். இவற்றுட் சிலவற்றை மின்கடத்தச் செய்யலாம் எனக் காட்டிய மூவருக்கு 2000 ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

எனினும், இழுபடும் பொருள் என்றேனும் கிழியவே செய்யும். இதற்கான பரிகாரமொன்றை 2001 இல் இல்லினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்தனர். பசைத் திரவம் நிரம்பிய நுண்ணிய கூடுகளைப் பொருளினுள் அவர்கள் பதித்தனர். வெடிப்பு ஏற்படுகையில் கூடு உடையும். கசியும் திரவம் இறுகி வெடிப்பை மூடும். நல்ல யோசனைதான். ஆனால், அதே இடத்தில் மறுமுறை வெடித்தால் கசிவதற்குப் பசை இருக்காது.

2008 இல் பாரிஸ் நகரில் லூட்விக் லெப்லர் குழுவினர் வேறொரு வழியில் சென்றனர். சாதாரண இறப்பரில் சங்கிலிகளைக் கந்தகம் நிரந்தரமாகப் பிணைத்து வைத்துள்ளது. அப்பிணைப்பு ஒருமுறை அறுந்தால் தானாக மீளாது. துவிச்சக்கர வண்டியின் ரியூப்பிற்கு ஒட்டுப் போட நேர்வது இதனாலேயே. தாவர எண்ணெயின் கொழுப்பமிலங்களையும் யூரியாவையும் கொண்டு லெப்லர் உருவாக்கிய இறப்பரில், வலிமை குறைந்த ஐதரசன் பிணைப்புகளே சங்கிலிகளை இணைத்தன. அது கைகோத்து நிற்கும் கூட்டம் போன்றது. இழுத்தால் கைகள் விடுபடும். அருகே வந்தால் அகப்பட்ட கையை மீண்டும் பற்றிக்கொள்ளும். வெட்டிய இரு துண்டுகளை அறை வெப்பநிலையில் சேர்த்து அழுத்தினாலே அவை ஒன்றாகிவிடும்.

இத்தகைய பிணைப்புகளைக் கொண்ட பல்பகுதியத்துடன் நிக்கல் துணிக்கைகளைக் கலந்து, மின்கடத்துகின்ற பொருளொன்றைப் பாவோ குழுவினர் 2012 இல் தயாரித்தனர். வெட்டிச் சேர்த்து 15 செக்கன்களில் அதன் மின்கடத்தும் திறனில் 90 சதவீதம் மீண்டது. வலிமை மீள்வதற்குச் சுமார் 10 நிமிடங்களே தேவைப்பட்டன. 2016 இல் அவர்கள் இரும்பு அயன்களைப் பயன்படுத்தி உருவாக்கிய மற்றொரு பொருள், தனது நீளத்தைப் போல் 45 மடங்கு இழுபடக்கூடியது. அது உறைகுளிரிலும் தன்னைச் சீராக்கிக்கொண்டது.

ஆயினும், தோல் ஒரே படையினால் ஆனதன்று. உணரும் படை, கடத்தும் படை, காக்கும் படை எனப் பல உள்ளன. வெட்டுப்பட்ட துண்டுகள் சற்று விலகிப் பொருந்தினாலும் கடத்தும் படை காக்கும் படையுடன் ஒட்டி, முழுவதும் பயனற்றுப் போகும். எமது நோக்கில் மிக நுட்பமான முன்னேற்றம், இச்சிக்கலுக்கு 2023 இல் அக்குழுவினர் கண்ட தீர்வேயாகும். எண்ணெயும் நீரும் போல் ஒன்றுடனொன்று கலக்காத இருவகைப் பல்பகுதியங்களை அவர்கள் மாறி மாறி அடுக்கினர். அடுக்குகள் பிரிந்துவிடாதிருக்க இரண்டிலும் ஒரேவகைப் பிணைப்புகளைச் சேர்த்தனர். வெட்டப்பட்டபோது ஒவ்வொரு படையும் தன்னினத்தைத் தேடிச் சேர்ந்தது. 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ ஒருநாள் சென்றது.

இதனைக் கொண்டு, உடையாத தொலைபேசி நாளையே வரவுள்ளது என்பது போல் எழுதப்படும் செய்திகளை நாம் ஐயத்துடனேயே நோக்க வேண்டும். எளிதில் விடுபடும் பிணைப்பே எளிதில் மீள்கின்றது. ஆகவே, தன்னைச் சீராக்கும் ஆற்றலும் உறுதியும் ஒருசேரக் கிட்டுவது அரிது. நீரும் ஒரு பகையே. ஐதரசன் பிணைப்புகள் அருகிலுள்ள சங்கிலியை விடுத்து நீர் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளலாம். வியர்வை சிந்தும் உடலில் அணியப்படும் பொருளுக்கு இது சிறு குறையன்று. நீரினுள்ளும் ஒட்டக்கூடிய வலுவான பல்பகுதியமொன்று 2018 இல் இதே குழுவினால் அறிவிக்கப்பட்டமை ஓரளவு ஆறுதலளிக்கின்றது.

தேவை எதுவாயினும் சந்தை தன் வழியிலேயே செல்கின்றது. தன்னைச் சீராக்கும் பொருட்களுள் மக்கள் கைக்கு ஏற்கெனவே வந்தவை, மோட்டார் வாகனங்களின் கீறல் மறையும் பூச்சும், 2013 இல் எல்.ஜி. நிறுவனம் வெளியிட்ட கையடக்கத் தொலைபேசியின் பின்புற மேற்பூச்சும் போன்றவையே. உணர்வதும் ஆறுவதுமான தோலோ இன்னமும் ஆய்வுகூட மேசைகளிலேயே இருக்கின்றது.